கண்ணைப் பார்த்துப் பேசு என்கிறார்கள்

ஒருவரை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டால் அது அலட்சியம் என்று இப்போது பலரும் நினைக்கிறார்கள். வைத்த கண் வாங்காமல் பார்த்தால்தான் கவனிக்கிறோம் என்று அர்த்தமாம். என்னால் இதை ஏற்க முடியவில்லை. சில மாதங்களாகவே இந்த விஷயம் மனதில் கிடந்து உறுத்துகிறது. காரணம் இரண்டு காகிதங்கள். இரண்டும் என் மகளின் பள்ளிப் பையிலிருந்து வந்தவை. ஒன்று ஆங்கிலப் பயிற்சித் தாள். 'கிளான்ஸ்' என்ற சொல்லுக்கு ஒத்த பொருள் உள்ளவை என்று லுக், கிளிம்ப்ஸ், பீக், கேஸ் (gaze), ஸ்டேர் என ஐந்து சொற்களை வரிசையாகப் போட்டு, எதை வேண்டுமானாலும் எடுத்து வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். இன்னொன்று தவணை அறிக்கை. படிப்பில் குறையில்லை, ஆனால் ஆசிரியர் பேசும்போது அவர் கண்ணைப் பார்ப்பதில்லை, தன்னம்பிக்கை வளர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது, முதல் தாளில் இருக்கும் குறைதான் இரண்டாவதிலும் இருப்பதாகப் பட்டது. எல்லாப் பார்வையும் ஒன்றுதான் என்று பட்டியல் போட்டுப் படிக்கிறோம். அப்படிப் படித்து வளர்ந்தவர்களுக்கு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை எப்படிப் பார்க்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. கண்ணைப் பார்த்தாளா, இல்லையா என்ற ஒரு கேள்வியோடு முடித்துவிடுகிறார்கள்.

வழுக்கிப் போகும் சொல்

அந்தப் பட்டியலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கிளான்ஸ் என்பது நாமாக, சட்டென்று, ஒரு முறை கண்ணைச் செலுத்தி எடுப்பது. கிளிம்ப்ஸ் நாம் செய்வதே இல்லை, நம் கண்ணில் வந்து படுவது. ஓடும் பஸ்ஸிலிருந்து கடல் ஒரு கணம் தெரிந்து மறைகிறதே, அது கிளிம்ப்ஸ். பீக் என்றால் பார்க்கக் கூடாததை, அல்லது நேரம் வருவதற்கு முன்பே, ஒளிந்து எட்டிப் பார்ப்பது. கேஸ் நீண்ட நேரம் லயித்துப் பார்ப்பது. ஸ்டேர் என்பது வெறித்துப் பார்ப்பது, எதிரில் இருப்பவருக்குச் சங்கடம் தருவது. கடைசி இரண்டும் கிளான்ஸுக்கு நேர் எதிரானவை. அவற்றைக் கொண்டுவந்து ஒரே வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். 'அவள் கடிகாரத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்' என்ற வாக்கியத்தில் 'வெறித்தாள்' என்று மாற்றினால் கதையே வேறாகிவிடும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது தெரியும். என் மகள் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

இந்தச் சொல்லின் பழைய வாழ்க்கை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பழைய பிரெஞ்சில் வழுக்குவதைக் குறித்த ஒரு சொல்லோடு இதற்கு உறவு உண்டு என்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இது ஆயுதங்களுக்கான சொல். கத்தியோ அம்போ முழு வேகத்தில் தைக்காமல் பக்கவாட்டில் பட்டுச் சறுக்கிப் போனால் கிளான்ஸ் என்றார்கள். கண்ணுக்கு இந்தச் சொல் வந்தது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். காயப்படுத்தாமல் தொட்டுவிட்டு விலகுவது என்ற பழைய பொருள் இன்றைய சொல்லிலும் மீதி இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தாமிரத் தாது ஒன்றுக்கும் காப்பர் கிளான்ஸ் என்று பேர் உண்டு. ஆனால் அது ஜெர்மன் மொழியில் பளபளப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை.

கிரிக்கெட்டில் வரும் லெக் கிளான்ஸைச் சொல்லாமல் போனால் என் கணவர் கோபித்துக்கொள்வார். தென்னாப்பிரிக்காவில் நாங்கள் இருக்கும் இந்த டர்பன் ஊரில், கிங்ஸ்மீட் மைதானத்துக்குப் போய்ப் போய் வளர்ந்தவர் அவர். 1896இல் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடி, அதிலேயே ஆட்டமிழக்காமல் 154 ரன் எடுத்த ரஞ்சித்சிங்ஜிதான் இந்த அடியைப் பெரிதாகப் பேச வைத்தவர். உடம்பை நோக்கி வரும் பந்தை ஓங்கி அடிப்பதில்லை. மட்டையின் முகத்தைக் கடைசி நொடியில் லேசாகத் திருப்பிக் காட்டினால் போதும், பந்து தன் வேகத்திலேயே காலுக்குப் பின்னால் ஓடிவிடும். அதை ஆடுபவனுக்குக் கவனம் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பந்தைக் கடைசிவரை பார்த்தவனால்தான் அது முடியும்.

தமிழிலும் பார்வைக்குப் பஞ்சமில்லை. முறைக்கிறோம், வெறிக்கிறோம், உற்றுப் பார்க்கிறோம், எட்டிப் பார்க்கிறோம், வேடிக்கை பார்க்கிறோம், பராக்குப் பார்க்கிறோம், கண்ணை மேயவிடுகிறோம், ஓரக்கண்ணால் பார்க்கிறோம். இதில் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தால் சண்டையே வந்துவிடும்.

தையல் மிஷினுக்கு முன்னால்

அறிக்கை வந்த அன்று மாமியார் வீட்டில் இருந்தார். எழுபது வயது தாண்டியவர். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து முதல் தொகுதி ஒப்பந்தக் கூலிகளோடு 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்ததே, அதற்குப் பின்னால் வந்த கப்பல்களில் ஏதோ ஒன்றில் வந்த குடும்பம் அவருடையது. கரும்புத் தோட்டம் முடிந்து, கேட்டோ மேனரில் காய்கறி போட்டு, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் வருஷச் சட்டத்தால் அங்கிருந்து கிளப்பப்பட்டு, சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தவர்கள். நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். என் தமிழைக் கேட்க அவருக்கு ஆசை, அவர் தமிழைக் கேட்க எனக்கு ஆசை. என் மகளுக்கு அவர் ஆயா.

"என்னம்மா எழுதியிருக்கு அதுல?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், தான் தையல் ஃபேக்டரியில் வேலை பார்த்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அங்கே வேலை பார்த்தது எனக்குத் தெரியும். இந்தப் பகுதியை அதுவரை சொன்னதில்லை.

1973இல் டர்பன் ஆலைகளில் வரிசையாக வேலைநிறுத்தம் நடந்தது. அது ஓய்ந்த பிறகு, மறுவருஷம் அவர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். நீளமான கூடம், வரிசை வரிசையாக மிஷின்கள். ஒரு மூலையில் படியேறிப் போகும் கண்ணாடி அறை, அதற்குள் சூப்பர்வைசர். "அவன் எங்கள எவ்வளவு நேரம் வேணா பாப்பான். நாங்க அவன நேராப் பாத்தா, 'சீக்கியா இருக்காத'ம்பான். சரின்னு தலையக் குனிஞ்சுக்கிட்டா, 'என்னத்த ஒளிக்கிற'ம்பான். எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்பு நம்ம மேலதான்."

சீக்கி என்ற சொல் இந்த நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். மற்ற ஊர்களில் அது குறும்புப் பிள்ளையைச் செல்லமாகத் திட்டும் ஆங்கிலச் சொல். இங்கே வெள்ளைக்கார முதலாளியை நிமிர்ந்து பார்த்த கறுப்பரையும் இந்தியரையும் அடக்கிவைக்கப் பயன்பட்ட சொல். நாள் முழுக்க வெறித்துப் பார்க்கும் உரிமை அந்தக் கூடத்தில் ஒரே ஒருவனுக்கு இருந்தது. மீதிப் பேர் எங்கே பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதையும் அவனே முடிவு செய்தான்.

அதற்கு மாமியார் கண்ட வழியைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பாராம். கேட்டுவிட்டது என்று அவனுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும். உடனே கண் துணிக்குத் திரும்பிவிடும். அவன் பேசி முடித்ததும் இன்னொரு முறை நிமிர்ந்து பார்ப்பார். புரிந்தது என்பதற்கு அது. "அதுக்கு மேல அவன் மூஞ்சில எனக்கு என்ன வேல?" என்றார். பயந்து குனியவும் இல்லை, சண்டைக்கு நிமிரவும் இல்லை. தன் பார்வையை எவ்வளவு தருவது என்பதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமை எனக்கு இன்னும் கேட்கிறது.

பக்கத்து மிஷினில் ஜூலு இனத்து அம்மா ஒருவர் இருந்தாராம். அவரும் அதே மாதிரிதான். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜூலு வீடுகளில் பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் கண்ணைத் தாழ்த்திக்கொள்வது மரியாதை. ஹ்லோனிபா என்று அவர்கள் சொல்லும் மரியாதை முறையில் அதுவும் அடக்கம். நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே நின்றால்தான் பெரியவர்களுக்கு வருத்தம் வரும். அதே ஊரில், அதே மொழியில், வணக்கம் சொல்லும் சொல் 'சவுபோனா'. 'உன்னைப் பார்க்கிறோம்' என்று அதற்குப் பொருள். பார்ப்பதை வாழ்த்தாகவே வைத்திருக்கும் மக்கள், முறைத்துக்கொண்டு நிற்காமல் இருப்பதை மரியாதையாகவும் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல்.

இவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் ஃபனகாலோ என்ற கலப்பு மொழி, கொஞ்சம் ஆங்கிலம். மிஷின் ஓடும் சத்தத்தில் அதுவும் கேட்காது. கண்ணாலேயே எல்லாம் பேசிக்கொண்டார்களாம். கண்ணாடி அறைப் பக்கம் ஒரு கிளான்ஸ் போனால், ஆள் இறங்கி வருகிறான். பாபினைப் பார்த்து ஒரு கிளான்ஸ், நூல் தீரப் போகிறது. சுவர்க் கடிகாரத்துக்கு ஒன்று, சாப்பாட்டு நேரம். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் காலையில் வந்து உட்காரும்போதே ஒரு பார்வையில் தெரிந்துவிடும் என்றார். வருஷக்கணக்கில் ஒருவரை ஒருவர் அரை நொடி அரை நொடியாகப் பார்த்தே உறவு வளர்த்த இரண்டு பெண்களைப் பற்றி, கவனமில்லாதவர்கள் என்று யார் சொல்ல முடியும்?

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விஷயம் பிடிபட்டது. என் மகள் அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஆயா அவள் பேரைச் சொன்னால் ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பாள், பிறகு கையில் இருக்கும் பென்சிலைப் பார்ப்பாள். ஆயா முடித்ததும் மறுபடி ஒரு முறை நிமிர்வாள். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்து வந்திருக்கிறது. பள்ளியில் தன்னம்பிக்கைக் குறைவு என்று எழுதியிருந்தார்களே, அது ஒரு தையல் கூடத்திலிருந்து வந்த தன்னம்பிக்கை.

நிலைத்து நிற்காத கண்

இதற்குப் பிறகு கண்ணைப் பற்றி நிறையப் படித்தேன். நீண்ட நேரம் அசையாமல் பார்ப்பதாக நாம் நினைப்பதே உண்மையில் நடப்பதில்லை. விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு அகலம் தெரிகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு இடத்தைத்தான் அது ஒரு நேரத்தில் தெளிவாகப் பிடிக்கும். அதனால் கண் நொடிக்கு மூன்று முறை போலத் தாவிக்கொண்டே இருக்கிறது. படிக்கும்போது ஒவ்வோர் இடத்திலும் நிற்பது நொடியில் கால் பங்கு. தாவும் நேரத்தில் வரும் மங்கலான படத்தை மூளை நமக்குத் தெரியாமல் அடக்கிவிடும். கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். அப்படியானால் கேஸ் என்று நாம் பெருமையாகச் சொல்வதும் கிளான்ஸ்களைக் கோத்த மாலைதான்.

கண்ணை வலுக்கட்டாயமாக ஒரே இடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 1804லேயே டிராக்ஸ்லர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் கண்டு எழுதியிருக்கிறார். ஒரு புள்ளியை அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் ஓரத்தில் இருப்பவை மங்கி மறைந்துவிடும். 1950களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கண் அசையும்போது படமும் கூடவே அசையும்படி கருவி செய்து, விழித்திரையில் படம் ஒரே இடத்தில் விழும்படி வைத்தார்கள். சில நொடிகளில் படமே காணாமல் போனது. அசைவதால்தான் நமக்குப் பார்வை இருக்கிறது. விலகித் திரும்பும் கண்தான் பார்க்கிறது. இதைப் படித்த அன்று நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு விஷயம் கிடைத்தது. ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கேள்வி கேட்டால் பிள்ளைகள் ஏன் கண்ணை வேறு பக்கம் திருப்புகிறார்கள் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். கேள்வி கடினமாக ஆக, திருப்புவதும் கூடுகிறது. யோசிக்கும்போது வேறு பக்கம் பார்க்கச் சொல்லிப் பழக்கிய ஐந்து வயதுப் பிள்ளைகள் முன்னைவிட நன்றாகப் பதில் சொன்னார்கள். ஒரு முகத்தைப் பார்ப்பதே மூளைக்குப் பெரிய வேலை. அதைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தால் யோசிக்க இடம் கிடைக்கிறது. நாமும் அப்படித்தானே, கணக்குப் போடும்போது கூரையைப் பார்க்கிறோம்.

சிறுநோக்கம்

சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாமல் போன தமிழைத் திரும்பப் பிடிக்க வரும் அக்காமார்களும் அண்ணன்மார்களும்தான் மாணவர்கள். இந்த யோசனையில் இருந்த நேரத்தில் குறளில் குறிப்பறிதல் அதிகாரத்தை எடுத்துப் போனேன். 'கண்களவு கொள்ளும் சிறுநோக்கம் காமத்தில் செம்பாகம் அன்று பெரிது.' அவள் கண்ணைத் திருடி என்னை ஒரு முறை பார்த்தாளே, அந்தச் சின்னப் பார்வை காதலில் சரிபாதி கூட இல்லை, அதைவிடப் பெரியது. ஒரு அக்கா, வாய்விட்டுச் சிரிக்கும் சுபாவம் உள்ளவர், "அப்ப மீதி வாழ்க்கை முழுக்க அந்தக் கொஞ்சத்துக்குத்தானா?" என்று கேட்டார். வகுப்பு அதற்கு மேல் பாடத்தில் போகவில்லை. கிரே தெருவில் பஸ்ஸுக்கு நின்றபோது, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறும்போது என்று ஒவ்வொருவரும் தங்களுக்குக் கிடைத்த சிறுநோக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அறுபது வயதுக்காரர்கள் நாற்பது வருஷத்துக்கு முந்தைய அரை நொடியைத் துணியின் நிறத்தோடு சொன்னார்கள்.

புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஆயிரக்கணக்கில் ஜனம் வரும். பால் குடத்தோடும் கோழியோடும் மணிக்கணக்காக நிற்கிறோம். சந்நிதியில் நமக்குக் கிடைப்பது ஒரு கணம். அந்த ஒரு கணத்தில் அம்மன் கடைக்கண்ணால் பார்த்தாள் என்ற நிறைவோடு திரும்புகிறோம். கடைக்கண் போதும் என்றுதான் காலங்காலமாகக் கேட்டிருக்கிறோம். நீண்ட பார்வைக்கோ நாம் பயப்படும் வழக்கம். குழந்தையை யாராவது உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அன்று சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடாமல் மாமியார் தூங்க மாட்டார். திருஷ்டியை நான் நம்புகிறேனா என்று கேட்டால் தெளிவாகப் பதில் சொல்ல வராது. வெறித்த பார்வை ஒரு பாரம் என்று அந்த வழக்கத்துக்குத் தெரிந்திருக்கிறது, அதை நான் மதிக்கிறேன்.

ஆசிரியையைப் பார்க்கப் போனது

கணவர் என் பக்கம் முழுதாக இல்லை. நாளைக்கு வேலைக்கு நேர்காணல் என்று போனால் எதிரே இருப்பவர் கண்ணைப் பார்க்காத பெண்ணுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. அந்த இடத்து வழக்கத்தை அவளும் அந்த வயதில் கற்றுக்கொள்வாள். அதற்காகப் பத்து வயதில் அவளிடம் இருப்பதைக் குறை என்று சொல்லிப் பிடுங்க வேண்டியதில்லை.

ஆசிரியை சின்ன வயசு, நல்ல மனசு. கண்ணைப் பார்க்காமல் இருப்பதைக் கவனிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்களாம். சில குழந்தைகளுக்கு அது வளர்ச்சி சம்பந்தமான ஓர் அறிகுறியாக இருக்கலாம், மருத்துவர்கள் மற்ற விஷயங்களோடு சேர்த்து அதையும் பார்க்கிறார்கள். அதனால் அவர் கவனித்ததைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். "நீங்கள் கேள்வி கேட்டால் அவள் என்ன செய்கிறாள்?" கொஞ்சம் யோசித்தார். "என்னை ஒரு முறை பார்ப்பாள். அப்புறம் ஜன்னல் பக்கம் பார்ப்பாள். அப்புறம் பதில் சொல்வாள்." "பதில் எப்படி இருக்கும்?" "பெரும்பாலும் சரியாக இருக்கும்," என்றார். சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார்.

மாமியாரின் ஃபேக்டரிக் கதையைச் சொன்னேன். ஸ்டெர்லிங் ஆய்வைச் சொன்னேன். அவர் மேஜையில் இருந்த அறிக்கை நகல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதே வரியை இந்தத் தவணையில் இன்னும் பல பிள்ளைகளுக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். அவர்களில் நிறையப் பேர் ஜூலு வீட்டுப் பிள்ளைகள். பக்கத்து வகுப்பில் ஜூலு கற்பிக்கும் ஆசிரியையிடம் இதைப் பற்றி ஒரு தடவை கூடக் கேட்கத் தோன்றவில்லையே என்றார். அவரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசலாமா என்று அவரே கேட்டார். அடுத்த வாரம் பேசுகிறோம். மாமியாரும் வருவதாகச் சொல்லிவிட்டார். அந்த ஜூலு அம்மாவிடமிருந்து கற்ற வணக்கத்தை வைத்துத்தான் பேச்சை ஆரம்பிப்பாராம், அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்பதை நாங்கள் அவருக்குச் சொல்லித் தர வேண்டாமாம்.